கப்பல் நண்பர் செய்த சுஷி

அன்பிற்குரிய என்னவருக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் போன் அடிக்கவே மாட்டேன் என்கிறது. கம்பெனியில் கேட்டால், "கப்பல்ல சிக்னல் இல்லம்மா, நாங்களே கூப்பிடுறோம்" என்று அவசரமாக வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் நீங்கள் அடுத்து இறங்கும் துறைமுகத்து முகவரிக்கு இந்தக் கடிதம்.

நேற்று மதியம் எஞ்சின் அறை நண்பர் வந்தார். நீங்கள் 'மொட்டை' என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். போட்டோவில் பார்த்ததில் பாதி ஆளாக இருந்தார். பையில் கடற்பாசித் தாள், மூங்கில் பாய், அரிசி வினிகர். லீவில் வந்ததும் மகளுக்கு மீன் இல்லாத சுஷி செய்து தருவதாகச் சொல்லியிருந்தீர்களாம். "நான் செஞ்சு குடுத்துட்டுப் போயிடுறேம்மா" என்றார். நீங்கள் வரும்வரை பொறுக்கக் கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

குண்டு அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை அலசி வேகவைத்தார். வினிகரில் சர்க்கரையும் உப்பும் கரைத்துச் சுடுசோற்றில் ஊற்ற, மகள் விசிறியால் வீசினாள். தாளின் ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டுச் சோற்றைப் பரப்பி, வெள்ளரி, கேரட், அவகாடோ வைத்து மூங்கில் பாயால் சுருட்டினார். முதல் உருளை பிதுங்கிக்கொண்டது. "அப்பா செஞ்சா இப்படி ஆகாது மாமா" என்று சிரித்தாள் உங்கள் மகள். அவர் திரும்பிக் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கையையே வெகுநேரம் கழுவினார்.

துண்டு போட அவர் பையிலிருந்து எடுத்தது, நீங்கள் கப்பலுக்குக் கொண்டுபோன உங்கள் கத்தி. பிடியில் பச்சை நூல் சுற்றிய கத்தி. கூடப்பிறந்த தம்பிக்கே இரவல் தராதவர் நீங்கள். அவரோ ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. மகள் உங்களுக்கென்று ஒரு தட்டை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

போகும்போது வாசலில் என்னிடம் மட்டும், "நாளைக்குக் கம்பெனியிலேர்ந்து ரெண்டு பேர் வருவாங்க. தனியா இருக்காதீங்க, யாரையாவது கூட வெச்சுக்கோங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "என்னைக் கேக்காதீங்கம்மா" என்று செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

தங்கையை வரச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. மகள் டிபன் டப்பாவில் சுஷியோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன், கடல் வாடை மட்டும் போகவில்லை.

இன்று கம்பெனியிலிருந்து வருகிறவர்களை நான் உட்காரச் சொல்லப் போவதில்லை. வேலை போனது என்றாலும் சரி, கைகால் ஒடிந்தது என்றாலும் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கோழிக்கிறுக்கலில் ஒரே ஒரு வரி போடுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் போதும்.

வழி பார்த்திருக்கும்,
உங்களவள்