யாரும் இறங்காத வட்டம்

நியூயார்க்,
4 மார்ச் 1958

அன்புள்ள லேம்பர்ட்,

முட்டிவலி தவிர எல்லாம் சௌக்கியம். நம் கேரியாக்குத் தீவின் முரசு ஆட்டத்தைக் கடைசியில் பெரிய மேடையிலேயே ஏற்றிவிட்டேன். நான் பழக்கிய பெண்கள் நன்றாகவே ஆடினார்கள். செத்துப்போன பெரியவர்கள் வந்து ஆடட்டும் என்று வட்டத்தைக் காலியாக விட்டு மேளம் மட்டும் அடிப்போமே, அதையும் விடாமல் வைத்தேன். அரங்கு மேலாளர் பதறி ஓடி வந்தார்.

"எங்கேம்மா அந்தப் பொண்ணு? மேடை காலியா கெடக்கு!"

"காலியா இல்ல சார். எங்க பெரியவங்க ஆடிக்கிட்டிருக்காங்க, சத்தம் போடாதீங்க."

மறுநாள் பத்திரிகையில், யாரோ ஒருத்தி மேடையேற மறந்துவிட்டாளாம்! சிரித்தேன். கூடச் சிரிக்க அறையில் ஆள் இல்லை.

இங்கே மேளக்காரர்கள் தங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள். நீ என் குதிகாலைப் பார்த்து அடிப்பாய். வந்துவிடேன்.

உன் மனைவி,
இஸ்மே

---

கேரியாக்கு,
20 ஏப்ரல் 1958

அன்பு இஸ்மே,

உன் கடிதத்தை ரம் கடையில் உரக்கப் படித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். உன் சித்தி அல்தியா மட்டும், "அதெல்லாம் இருக்கட்டும், அவ எப்படா வருவா?" என்றாள். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவள் நீ. ஐந்தாகிவிட்டது.

நான் அங்கே வந்து என்ன செய்ய? கரையில் நான் கட்டும் படகு பாதியில் நிற்கிறது. நீ வா. ஜூனில் உன் அப்பாவுக்குக் கல்லறைக் கல் நாட்டி விருந்து வைக்கிறோம். விருந்துக்கு வெட்ட ஆடு சொல்லியாயிற்று. மகள்தான் முதலில் இறங்கி ஆட வேண்டும், உனக்குத் தெரியாததா? வந்தால் திரும்ப அனுப்ப மாட்டேன் என்று பயப்படாதே. கொஞ்சம் பயப்படு.

உன் லேம்பர்ட்

---

சிகாகோ,
19 மே 1958

என் லேம்பர்ட்,

வர முடியவில்லை. ஊர் ஊராக ஆடக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் விலகினால் குழுவே கலைந்துவிடும். அழுகை அழுகையாக வருகிறது. எனக்காக ஒன்று செய். மகள் இறங்கும் நேரத்தில் வேறு யாரையும் இறக்காதே. வட்டத்தை எனக்காகக் காலியாக விட்டு அடி. அதே நேரம் நான் இங்கே ஆடுவேன்.

உன் இஸ்மே

---

கேரியாக்கு,
24 ஜூன் 1958

இஸ்மே,

நீ சொன்னபடியே செய்தேன். நீயாவது நானாவது யோசித்திருக்க வேண்டும். உன் பெயரைச் சொல்லி, வட்டத்தைக் காலியாக விட்டு அடித்ததும் சித்தி ஓலமிட்டுவிட்டாள்.

"ஐயோ, எம் பொண்ணு போயிட்டாளா? ஏன்டா எங்கிட்ட மறைச்ச?"

"உயிரோட இருக்கா சித்தி! சிகாகோவுல ஆடுறா!"

"உயிரோட இருக்கறவளுக்கு எவன்டா வட்டத்தக் காலியா விடுவான்?"

அதற்குள் யாரோ, படையல் மேசையில் உன் அப்பா தட்டுக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டார்கள். எடுக்கப் போனேன். கை வரவில்லை.

உன் மேல் கோபம் இல்லை. தனியாக இருந்து பழகிவிட்டேன், அவ்வளவுதான். நன்றாக ஆடு.

இன்னமும் ரொட்டியும் காப்பியுமாக வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். நீ நன்றாக இருக்கிறாய் என்று முதலில் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. ரொட்டியை வாங்கிக்கொள்கிறேன்.

லேம்பர்ட்