ஐசியூவில் கிடந்த கட்சிக்காரர்

அன்புள்ள அக்கா,

சித்தப்பா மேல் நாம் போட்ட வீட்டு வழக்கு ஏன் நகரவில்லை என்று கேட்டாயே, இன்று வக்கீலிடம் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போனேன். நம் வக்கீல் எழுந்து, "என் கட்சிக்காரர் ஐசியூவில கிடக்கார் ஐயா, வாய்தா வேணும்" என்றார்.

"இன்னும் அங்கேயேதானா?" என்று நீதிபதி கவலைப்பட்டார்.

வக்கீலின் குரல் தழுதழுத்தது. கடைசி பெஞ்சில் இருந்த எனக்கே மூச்சு முட்டியது. "நான்தாங்க அவர்" என்று எழுந்தேன்.

வக்கீல் இமைக்கவில்லை. "பாருங்க, உயிரைப் பணயம் வச்சு வந்திருக்கார்." இப்படியொரு மேதையை நான் கண்டதில்லை.

நீதிபதி கேட்டார்: "இந்த வக்கீலே வேணுமா?"

"வேண்டாம் ஐயா. வீடு வேணும்."

வேறு வக்கீல் வைக்க அவகாசம் தந்தார். அதுவரை சித்தப்பா நம் வீட்டை விற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

வெளியே நம் மேதை என் தோளைத் தொட்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

உன் தம்பி