ஒரே முகவரியில் இருவர்

லாஸ் வேகாஸ்,
மே 11, 2020

அன்புள்ள கர்ட்டிஸ்,

நீ வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்துப் பெண்டாட்டி கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து எப்போது திருப்பிக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து நான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். குளிக்கப் போனாலும் போனைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போகிறேன்.

கொரோனாவால் மார்ச்சில் ஓட்டலை மூடியதிலிருந்து அறை சுத்தம் செய்யும் எங்கள் யாருக்கும் வேலை இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வந்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. நேற்று ஒருவழியாக ஒரு பெண் போனை எடுத்தாள். "உங்க முகவரியிலேயே இன்னொருத்தரும் விண்ணப்பம் போட்டிருக்காரும்மா. மோசடியா இருக்குமோன்னு கம்ப்யூட்டர் ரெண்டையும் நிறுத்தி வெச்சிருக்கு" என்றாள். யார் என்று கேட்டால் சொல்லமாட்டாளாம். சொல்லவா வேண்டும்? ரீனோவில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு முகவரியை எதற்குக் கொடுத்தாய்? வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

ரோண்டா


ரீனோ,
மே 16

அன்புள்ள ரோண்டா,

திட்டு, தாராளமாகத் திட்டு. என் ஓட்டுநர் உரிமத்தில் இன்னும் அந்த முகவரிதான் இருக்கிறது. காசினோவை மூடியதும் உரிமத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கேரவனில் படுத்திருக்கிறேன். அவன் வீட்டு எண்ணைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

இங்கே பாத்திரம் கழுவுவது நான்தான். கழுவி முடித்ததும் பழக்கதோஷத்தில் கைகளைத் தட்டி, உள்ளங்கைகளைக் கூரைக்கு விரித்துக் காட்டுகிறேன். காசினோவில் சீட்டுப் போடும் வேலையில், மேசையை விட்டு நகரும்போதெல்லாம் எதையும் எடுக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டிய கை அல்லவா? "ஸ்பூன எல்லாம் எண்ணிட்டேன், பயப்படாதீங்க" என்று அண்ணி கிண்டல் செய்கிறாள்.

உன் பணம் விடுபட நான் என்ன செய்யவேண்டும், கேட்டு எழுது. முதுகுவலி எப்படி இருக்கிறது?

கர்ட்டிஸ்


லாஸ் வேகாஸ்,
மே 23

அன்புள்ள கர்ட்டிஸ்,

போன் வந்துவிட்டது. அதே பெண்தான். "ரெண்டு வழி இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்கன்னா, ரெண்டு பேர் பேரும் போட்ட வாடகை ஒப்பந்தத்த அனுப்புங்க, ரெண்டு பேருக்கும் கிடைக்கும். இல்லன்னா, நான் அங்க இல்லைன்னு அவர் கையெழுத்துப் போட்டுத் தரணும். உங்களது உடனே விடுபடும். அவரு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாள்.

ஒப்பந்தத்தில் உன் பெயர் அப்படியேதான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. ஆனால் பொய் எழுதிப் பணம் வாங்க எனக்கு மனம் வராது. எதை எழுதினாலும் அது நிஜமாக இருக்கவேண்டும்.

தெருவில் விளக்கெல்லாம் எரிகிறது, ஆள்தான் இல்லை. சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. பின்னறையிலிருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்தேன். அங்கே ஏசி நன்றாகவே ஓடுகிறது. ரீனோவிலிருந்து பேருந்து வருகிறது என்கிறார்கள்.

எந்த வழி என்று நீயே யோசித்து எழுது.

ரோண்டா


ரீனோ,
மே 28

அன்புள்ள ரோண்டா,

யோசிக்க என்ன இருக்கிறது? உன் கடிதம் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. 'நான் அந்த வீட்டில் வசிக்கவில்லை, திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை' என்று எழுதினேன். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கவேண்டாமே என்று நானாகச் சேர்த்தேன். இனியும் என்னால் உனக்குத் தாமதம் ஆகக்கூடாது. என்னுடையது வரும்போது வரட்டும்.

முதுகுவலியை வைத்துக்கொண்டு பின்னறையை எதற்குத் துடைத்தாய்? அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே.

கர்ட்டிஸ்


லாஸ் வேகாஸ்,
ஜூன் 6

கர்ட்டிஸ்,

பணம் வந்துவிட்டது. நன்றி. வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று முழுக்கப் போனை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

உன்மேல் கோபம் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாய். ஆனால் நான் கேட்டது முதல் வழியை. வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கமும் இல்லை, களைப்பு மட்டும்தான் இருக்கிறது.

பின்னறைக்கு என்னோடு வேலை பார்த்த நடீன் குடிவருகிறாள். அவளுக்கும் தனி வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை. ஒப்பந்தத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டாயிற்று. உன் தபால் எதையும் இனி இங்கே போடவேண்டாம் என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

உரிமத்தில் முகவரியை மாற்றிக்கொள்.

ரோண்டா