பாத்திரம் தேய்த்த சாம்பல்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

ஆயர் ஈத்தாம் என்ற ஊரின் தோட்டக்காரச் சீனர் கொடுத்த புகையிலை விதை தூசியைவிடச் சின்னது. தூவ வசதியாக அடுப்புச் சாம்பலில் கலந்தேன். பிறகு புத்தி கெட்டு, அவரைக்கொட்டைபோலப் பாதியை ஆழப் புதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. சிரட்டையில் இருந்த மீதிச் சாம்பலை, விதை கலந்தது தெரியாமல் எடுத்து மனைவி பாத்திரம் தேய்த்துவிட்டாள். திட்டினேன். அன்றிலிருந்து பேச்சில்லை.

இன்று காலை கிணற்றடியிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க! நான் தேச்ச சாம்பல் மொளச்சிருக்கு!"

கழுவிய தண்ணீர் ஓடிய வழியெல்லாம் பச்சை. கடுகளவு இலைகள், எண்ணி முடியாது. மூச்சுப் பட்டால் சாய்ந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

மாலையில் எச்சில் பாத்திரங்களை அவள் கிணற்றடியை விட்டுத் தெருக்குழாய்க்குத் தூக்கினாள். பெரிய அண்டாவை நான் வாங்கிக்கொண்டேன். இருவரும் அந்தப் பச்சையைச் சுற்றிக்கொண்டு போனோம்.