டிரெசர் சொன்ன சாட்சி

மார்ச் 3, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. மழையைக் கண்டு எட்டு நாள். செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை.

செய்ய வேண்டியது: சபையில் இரண்டாவது மின்விசிறி. வேதபாட நகல் பன்னிரண்டு. மோட்டார் சைக்கிளுக்கு பிரேக்.

காலை சர்க்கரை 7.1. பரவாயில்லை. பசியாறியதும் மாத்திரை ஒன்று. மேரி தண்ணீரை வைத்துவிட்டு, "முழுங்குங்க, சாட்சிக்காரரே" என்றாள். முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கிண்டல் செய்ய உரிமை உண்டு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும், இங்கேயே எழுதுகிறேன். ஜனவரியில் வெளியூர் தேவ ஊழியர் ஒருவர் வந்து சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். எனக்கு எண்ணெய் பூசினார். அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து, சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன், கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னேன், அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அன்றைக்கு அது பொய் இல்லை. போட்டது உண்மை. பதினோராம் நாள் குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். சர்க்கரை 21.8, இருக்க வேண்டியதற்கு மூன்று மடங்கு. மறுநாளே மாத்திரைக்குத் திரும்பினேன். சபையில் சொல்லவில்லை. இவ்வளவுதான். எழுதினால் ஆறேழு வரிக்கு மேல் இல்லை.

மார்ச் 5, புதன்

இன்னும் மழை இல்லை. மாலை வேதபாடம், ஒன்பது பேர். பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவது, பொய்ச்சாட்சி. நான் தேர்ந்தெடுக்கவில்லை, வரிசையில் வந்து நின்றது. திருட்டையே இரண்டு வாரம் இழுத்தேன், அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

எஸ்தர் வந்திருந்தாள். நாற்றுப் பண்ணையில் வேலை, கடைசி லயத்து வரிசையில் வீடு, புருஷன் இல்லை. தோட்டத்து கிளினிக்கில் டிரெசராக ஊசி மருந்து பார்த்த காலத்தில் அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். இப்போது அவள் கழுத்தெலும்பு தெரிகிறது.

"என்ன எஸ்தர், இப்படி எளச்சிட்ட?"

"ஊசிய நிறுத்திட்டேன் ஐயா. மூணு வாரமாச்சு. உங்க சாட்சி வீடியோவ தெனம் ஒரு தடவ பாக்குறேன்லா. டிரெசரே மாத்திரைய வீசிட்டாரு, நம்ப எம்மாத்திரம்?"

எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். நானும் சொன்னேன். வாய்ப் பழக்கம்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பாட்டில் இரண்டு காலி செய்தாள். மூன்று தடவை வெளியே போய் வந்தாள். மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிடுவது என்று மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டில் லிங்கி என்ற ஊரிலிருந்து வந்த இரண்டு பெண்கள். வீடியோ அங்கேயும் போயிருக்கிறது. ஒருத்திக்குக் கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. எஸ்தர் என்னைக் காட்டி, "இவருதான்" என்றாள். அந்த அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். நான் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லாததற்குக் காரணம்:
1. வேற்று ஆட்கள் இருந்தார்கள்.
2. போதகரிடம் முதலில் சொல்வதுதான் முறை.
3. இதுதான் நிஜம். முப்பத்தொரு வருடம் டிரெசர் ஐயா என்று இருந்தேன். கிளினிக்கை மூடினார்கள், நானும் எல்லாரையும் போல ஒரு கிழவன் ஆனேன். அந்தச் சாட்சிக்குப் பிறகுதான் மறுபடியும் எழுந்து நிற்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

மேரியிடம் சொன்னேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்த சொல்ல இவ்ளோ நேரமா?" சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

ரந்தா டவுனில் ரமலான் நோன்புச் சந்தை, நடக்க இடம் இல்லை. பிரேக் மாற்றியாயிற்று. போதகரைக் கோழிக்கடைப் பக்கம் ஓரமாக நிறுத்தி முழுதும் சொன்னேன். சின்ன வயது, வந்து ஒரு வருடம்தான். முகம் வெளுத்துப் போயிற்று.

"ஐயா, மருந்த நிறுத்துங்கன்னு நான் யாருக்கும் சொல்லலையே."

"நான் சொல்லிட்டேனே, தம்பி."

"இப்ப போய் மாத்திச் சொன்னா பலவீனமான விசுவாசிங்க இடறிப் போயிருவாங்க. நாளைக்கி எஸ்தர் சிஸ்டர் சாட்சி சொல்றாங்க. அது முடியட்டும். அப்புறம் தனியா கூப்ட்டு பேசுவோம்."

சரி என்றேன். தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. மீன் வாங்கினேன், நன்றாகத் தூங்கவும் செய்தேன். அதை நினைத்தால்தான் பயம்.

மார்ச் 9, ஞாயிறு

சபை நிறைய ஆட்கள். வானம் கறுத்து நின்றது, பெய்யவில்லை.

எஸ்தர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நாக்கு ஒட்டுகிறது, வார்த்தைக்கு வார்த்தை உதட்டை நனைக்கிறாள். என் பெயரை நாலு தடவை சொன்னாள். முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் மூச்சில் அழுகத் தொடங்கிய பழ வாடை. அதை எனக்குத் தெரியும். கிளினிக்கில் சர்க்கரை முற்றிய மூன்று பேரிடம் பிடித்திருக்கிறேன். ஒருவர்தான் வீடு திரும்பினார்.

எழுந்தேன். அதே நேரம் பாடகர் குழு தொடங்கிவிட்டது. பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்தேன். முடிந்தது. எழவில்லை. வாசலில் அவளைப் பிடித்து, "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று மட்டும் சொன்னேன். "அசதிதான் ஐயா" என்று சிரித்தாள்.

கோழை நான். வேறு சொல் இல்லை.

மார்ச் 10, திங்கள்

காலை ஏழுக்கு அவள் மகள் பிரிசில்லா போன். ராத்திரியெல்லாம் வாந்தி, மூச்சு இரைக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். "ஊசி வேணாம்னு அம்மா கையெழுத்து போட்டுட்டாங்க ஐயா. டாக்டர் எவ்ளோ சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க." மேரி சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன். கட்டில் பக்கத்தில் நின்று, மகள் முன்னால், நர்ஸ் முன்னால். விழுந்தது, 21.8, அன்றிலிருந்து தினமும் மாத்திரை, இன்று காலையும் சாப்பிட்டது. "நான் சொகமாகல எஸ்தர். உங்க எல்லாருக்கும் பொய் சொல்லிட்டேன். ஊசியப் போட்டுக்கம்மா."

திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்று நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, பரிதாபம்.

"சாத்தான் உங்களையே தொட்டுட்டானே ஐயா."

"இல்ல எஸ்தர், நான் சொல்றது..."

"பயப்படாதீங்க. உங்க விசுவாசம் திரும்பி வர்ற வரைக்கும் நான் உபவாசம். பச்சத்தண்ணி கூட வேணாம்."

கஞ்சித் தட்டைத் தள்ளினாள். பிரிசில்லா என் கையைப் பிடித்து உலுக்கி, "இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா, நல்லா சொல்லுங்க" என்று அழுதாள். சொன்னேன். எஸ்தர் அதற்குள் கண்ணை மூடி, மூச்சு வாங்க வாங்க, எனக்காக ஜெபிக்கத் தொடங்கியிருந்தாள்.