புகைப்பெட்டிக்குள் ஒரு குங்குமப் பொட்டு

என் பிரியமான மச்சானுக்கு,

அங்கேயும் யாரையாவது பிடித்து வைத்து வாதாடிக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். நம் பழைய நீராவி என்ஜின் நேற்று ஓடியது! உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கெடுக்கப் பார்த்தவனும் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீ கண்ணை மூடிய பிறகு ஷெட்டில் உன் இடத்தில் பத்மா நிற்கிறாள். உன் பெண் வாரம் முழுக்க ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிறாள், ஞாயிறானால் கரிச்சட்டை போட்டுக்கொண்டு எங்கள் நாலு கிழங்களையும் விரட்டுகிறாள். அதட்டலில் உன்னை மிஞ்சிவிட்டாள். தசராக் கூட்டம் கலைந்த பிறகு வருவதாக பாய்லர் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஆவி ஏறி வண்டி நகர்ந்தால் அனுமதி. இல்லாவிட்டால் பூங்காவில் நிறுத்தி, வேலி போட்டு, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அதற்கு உடைத்தே போடலாம் என்று நீ கத்தியது எனக்கு மறக்குமா?

காலையில் நெருப்பு மூட்டினோம். பத்மா டிரைவர் நிற்கும் இடத்தில் ஏறிக் கரி போட்டாள். கொஞ்சம் ஆவி சேர்ந்ததும், புகைபோக்கிக்கு அடியில் ஆவியைப் பீய்ச்சி நெருப்பை இழுக்கும் புளோயரைத் திறந்தாள். ஆவி அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. புகை முன்னால் போகாமல், கரி போடும் கதவு வழியாக அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

"நோடி மாமா, பெங்கி எரியுது, ஆனா இழுக்கவே மாட்டேங்குது. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள். நெருப்பு என்று அவள் வாயில் வராதே, நம் ஊர்க் கன்னடம் கலந்து பெங்கிதான். கண் சிவந்திருந்தது. புகையா அழுகையா என்று நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மத்தியானம் வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என்ஜினின் முன்பக்கத்து வட்டக் கதவருகே நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள். அதற்குள் ஒன்றுமில்லை, வெறும் டப்பா என்று நினைக்கிறார்கள். வண்டிக்கு மூச்சே அங்கேதான் என்று நீ அவர்களோடு மல்லுக்கு நிற்பாய். பிஸ்டனைத் தள்ளி முடித்த ஆவி, அந்தப் புகைப்பெட்டிக்குள் நிற்கும் குழாய் வழியாகப் புகைபோக்கிக்கு நேராகப் பாயும். பாயும்போது பெட்டியிலிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த வெற்றிடம் பாய்லர் குழாய்கள் வழியாகப் பின்னாலிருக்கும் நெருப்பைச் சுண்டி இழுக்கும். வண்டி எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு நெருப்பு. ஆனால் கதவில் ஒரு மயிரிழை சந்து இருந்தாலும் போச்சு. ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதைதான், வாய்க்கு வெறும் காற்று வரும்.

உன் வைத்தியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, வட்டக் கதவின் விளிம்போடு மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். புகை நேராக மேலே போனது. கதவின் இடது மேல்பக்கம் வந்ததும் சட்டென்று வளைந்து, கதவுக்குள் நுழைந்தது. குனிந்து பார்த்தேன். ஆயுத பூஜைக்கு நான் போட்ட சாமந்தி மாலை. நார் ஒரு பக்கம் கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது.

மச்சான், நடந்தது இதுதான். ஒவ்வொரு பூஜைக்கும் நீ உள்ளே இருக்கும் குழாய்க்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பாய். யார் கண்ணிலும் படாமல் உழைக்கிறவனுக்குத்தான் முதல் மரியாதை என்பாய். இந்த வருஷம் அதை நான் செய்ய வேண்டும் என்று ஆசை. மார்க்கெட்டில் கை தடிமனுக்கு மாலை வாங்கி வந்து போட்டுவிட்டேன், பொட்டு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்தேன், பொட்டு வைத்தேன், உன்னை நினைத்துக்கொண்டேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. மாலையோடு சேர்த்து இறுக்கி மூடிவிட்டேன். இன்ஸ்பெக்டர் வரும்வரை மாலையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டதும் நானேதான்!

எல்லோர் முன்னாலும் சொன்னேன். "தப்பு என்னோடது. பத்மா நெருப்புல ஒரு குறையும் இல்ல."

புளோயரை மூடி, மாலையை உருவி, விளிம்பைத் துடைத்து, கதவை மறுபடி இறுக்கினோம். பத்மா என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் கதவு சந்தில் ஒட்டியிருந்த ஒரு இதழைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பொட்டு மொதல்ல, மாலை ஆமேலே, ஆயித்தா மாமா?" என்றாள்.

புளோயரைத் திறந்ததும் நெருப்பு உறுமியது. முள் ஏற ஆரம்பித்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிஸ்டனுக்கு ஆவி விடும் ரெகுலேட்டரைப் பத்மா இழுத்தாள். புகைபோக்கியிலிருந்து முதல் 'சுக்' வந்தது, அடுத்தது வர எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? நான் செத்துப் பிழைத்தேன். வந்தது. அப்புறம் இன்னொன்று. ஷெட்டைத் தாண்டி வேப்பமரம் வரை போய்த் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் அனுமதியில் கையெழுத்துப் போட்டார். உன் தங்கை சரோஜா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மறைக்காமல் அழுதேன். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்குமா?

சாயங்காலம் நெருப்பு அணைந்து, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு, சாம்பல் வாரக் கதவைத் திறந்தேன். குழாயில் நான் வைத்த பொட்டு இல்லை. கருகி, ஆவியோடு புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. உன்னிடம் வந்து சேர்ந்ததா?

வரும் பூஜைக்குப் பொட்டைப் பத்மா வைப்பாள். கதவை நான் மூடுவேன். ஊதுவத்தியால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மாலை. இது உன் தங்கை தலைமேல் அடித்துச் செய்யும் சத்தியம்.

உன் தங்கையைக் கட்டிக்கொண்டு உன்னிடம் மாட்டிய
மாப்பிள்ளை,
சேது