சாரலில் நனைந்த சோளச் சக்கை

குத்துக்கல்வலசை,
ஜூன் 19, வெள்ளி.

அன்புள்ள அத்தானுக்கு,

சக்கை தேறிவிட்டது. திரும்பி வந்த நம் லோடை எரிகட்டி ஆலையில் நேற்று மாலை இரண்டாம் தடவையில் எடுத்துக்கொண்டார்கள். சொன்னவர் ஆலை சூப்பர்வைசர் ஹபீபுல்லா. ஈரம் பார்க்கும் கருவியை என் கண்முன்னேதான் வைத்துப் பார்த்தார்.

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போன் எடுத்த இரண்டு நிமிடத்தில் மாமா, “முத லோடு கொஞ்சம் ஈரம்” என்று சொன்னதோடு லைன் போய்விட்டது. பெற்ற மகனிடம் முழுவதையும் சொல்ல அவருக்கு வெட்கம். நான் எழுதுகிறேன்.

மணியை உதிர்த்தபின் மிஞ்சும் சக்கையை வருடாவருடம் வயலோரம் கொளுத்தத்தானே செய்தோம்? அதைப் பொடித்து அழுத்தி, பாய்லரில் விறகுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். ஊரார் சக்கையையும் சேர்த்துக் கொடுத்தால் இங்கேயே பிழைப்பு ஆகிவிடும், ராணுவத்தில் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நினைத்துத்தான் லோடு ஏற்றினோம்.

ஏற்றி முடிக்கும்போது இந்த வருடத்தின் முதல் சாரல் விழுந்தது. வேன் ஓட்டும் சேக் மைதீன், “அண்ணாச்சி, ஐந்தருவியில தண்ணி விழுதாம்” என்றார். அவ்வளவுதான். மாமா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டார். சுமை ஏற்றியவர்கள் துண்டை எடுத்தார்கள். தார்ப்பாய் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. லோடோடு அதே வண்டியில் குற்றாலம் போய்விட்டார்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து நான் திரும்பியபோது வீட்டில் ஆளும் இல்லை, சீயக்காய் டப்பாவும் இல்லை.

ஆலையில் ஹபீபுல்லா, “என்ன அண்ணாச்சி, சக்கையையும் குளிப்பாட்டிட்டேளா? சீசனுக்கு வந்த ஆளு மாதிரில்லா சொட்டுது” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இங்கே சாரல் விடவேயில்லை. இதே காற்று ஆலங்குளம் பக்கம் போனால் மழையில்லாமல் காய்ந்து அடிக்கும். அதனால் அங்கே எங்கள் அம்மா வீட்டுக் களத்தில் கொண்டுபோய்ப் பரப்பினோம். மாமா அங்கேயே தங்கிக் கிளறிவிட்டார். “சம்மந்தி வீட்டுச் சாப்பாடு இவ்வளவு நல்லாருக்கும்னு ஏட்டி நீ சொல்லவே இல்ல?” என்று என்னிடம் குறைப்பட்டார். அந்தச் சக்கைதான் நேற்று தேறியது.

பிள்ளை மூன்றாம் வகுப்பு போகிறாள். நீங்கள் போன லீவில் எடுத்துக் கொடுத்த பாவாடை எதுவும் அவளுக்கு இப்போது எட்டவில்லை.

வருடம் முழுவதும் நம்மிடம் சக்கை எடுப்பதாக ஆலை இன்னும் எழுதித் தரவில்லை. முதலாளி வெளியூரில் இருக்கிறார், புதன்கிழமை வந்து முடிவு சொல்வார் என்கிறார் ஹபீபுல்லா. கிடைத்துவிடும் என்று இப்போதே நான் எழுத மாட்டேன். நீட்டிப்புக்கு எழுதிக்கொடுக்க ஜூலை பதினைந்துதானே கடைசி? முதலாளி சொல்வது உங்கள் காதுக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

நேற்று மாமா சேக் மைதீனிடம், “அடுத்த லோடுக்கு எம்மவன் வருவான்லே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை.

காசி விசுவநாதர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
சங்கரேஸ்வரி